எழுத்தாளர் வீட்டு வாசலில் அமீனா

தமிழ் எழுத்தாளர்களில் யாராவது ஒருவர் பட்டப்பகலில் கொல்லைச் சுவரேறிக் குதித்து ஓடினார் என்று நீங்கள் கேள்விப்பட்டால், அந்த நேரத்தில் அவர் வீட்டு வாசலில் எங்கள் அமீனா நின்றிருந்தார் என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். புதுக்கோட்டையைச் சுற்றி முப்பது மைலுக்குள் இருந்துகொண்டு புத்தகம் போட்ட எவரும் அவரிடமிருந்து தப்பியதில்லை. போலீசுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. விமரிசகருக்குப் பயப்படாதவர்கள்கூட உண்டு. அமீனாவுக்குப் பயப்படாத எழுத்தாளரை நான் ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். அந்த ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

அமீனா என்றால் கோர்ட்டு அமீனா. சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பவர். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வருபவர். சமஸ்தானக் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போய் சர்க்கார் வந்தபோது, கோட்டில் குத்தியிருந்த பழைய பித்தளை வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புது வில்லை வாங்கிக்கொண்டார். மற்றபடி அதே காக்கிக் கோட்டு, அதே தொப்பி, அதே சைக்கிள், அதே தோல் பை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் அந்தக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தாவாக ஒன்பது வருஷம் இருந்தேன். ஒருநாள்கூட யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டைத் தேடிப்போனால், அவர் சம்சாரமே வெளியே வந்து, "அமீனா வீடு இதுதாங்க" என்பார்.

தோல் பைக்கு இரண்டு அறைகள். ஒன்றில் சம்மன்கள், மற்றதில் ஒரு புதுப் புத்தகம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த புத்தகக் கடைக்குத் திருச்சி பஸ்ஸில் கட்டு வந்து இறங்கினால், கடைக்காரர் சணலை அறுப்பதற்குள் அமீனா வந்து நின்றுவிடுவார். எந்தப் புத்தகம் என்று பார்க்க மாட்டார். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒண்ணு எடுத்து ஒட்டிக் குடுங்க" என்பார். கடைக்காரர் ஒரு புத்தகத்தை எடுத்து, எழுதியவர் பெயர் தெரியாதபடி அட்டையிலும் முதல் தாளிலும் பழுப்புக் காகிதம் ஒட்டித் தருவார். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் அமீனா அந்தக் காகிதத்தைக் கிழிப்பார்.

"பேரைப் பாத்துட்டுப் படிச்சா, தம்பி, பேரைத்தான் படிக்கிறோம்" என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

இதனால் சில விபரீதங்கள் நடந்தன. நாற்பது வருஷமாக எழுதி, ஊர் ஊராக மாலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் புது நாவலைப் படித்துவிட்டு, "யாரோ புதுப் பையன் போலருக்கு. நல்லா வருவான். இன்னும் கொஞ்சம் பழகணும்" என்றார். காகிதத்தைக் கிழித்துப் பெயரைப் பார்த்த பிறகும் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "இவரும் பழகலாமே, வயசா தடை?" என்று கேட்டார்.

புத்தகம் பிடித்துப்போனால்தான் சங்கடம். எழுதியவரை நேரில் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பிழைப்பே ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என்பதால், புனைபெயர், போலி விலாசம், 'ஆசிரியர் ஊரில் இல்லை' என்ற கடிதம் எதுவும் அவரிடம் பலிக்காது. நேராகப் போவார். சைக்கிளைச் சாத்துவார். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொள்வார். கோர்ட்டில் கூப்பிடுகிற அதே குரலில் எழுத்தாளர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்.

கீரனூரில் ஒருவர் இருந்தார். நெல் மண்டியில் வேலை; எழுதுவது காதல் நாவல்கள். சொந்த அண்ணனோடு அவருக்கு ஒரு வரப்புத் தகராறு வேறு. வாசலில் காக்கிக் கோட்டைப் பார்த்தவர், அண்ணன் கேஸ் போட்டுவிட்டான் என்று முடிவு செய்து, கொல்லைச் சுவரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். கணுக்கால் பிசகிவிட்டது. அமீனா பதறவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அவரைத் தூக்கிச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்தார். ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டுப் போட வைத்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார்.

"இந்தப் புஸ்தகத்தை எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க" என்றார் எழுத்தாளர், வலியில்.

"இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். சம்மன் பெற்றுக்கொண்டதற்கு வாங்குவது போலவே தேதியும் போடச் சொன்னார் அமீனா. அதற்கு மேல் பாராட்டு, வணக்கம் எதுவும் அவரிடம் கிடையாது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்பார்.

"பதினொண்ணாம் அத்தியாயத்துல கதாநாயகி அமாவாசை அன்னிக்கு மாடியில நின்னு நெலாவைப் பாத்து அழுவுறாளே, அது எப்புடிங்க?"

"அது உணர்ச்சிங்க."

"உணர்ச்சி சரிங்க. நெலா?"

அந்த எழுத்தாளர் அதற்குப் பிறகு நிலா வருகிற எந்தக் காட்சியையும் பஞ்சாங்கம் பார்க்காமல் எழுதவில்லை என்று மண்டியில் சொன்னார்கள்.

இதில் எனக்கும் ஒரு சொந்த நஷ்டம் உண்டு. செண்பகா தேவி என்ற பெயரில் அப்போது ஒரு பெண் எழுத்தாளர் உருக்கமான கதைகளை எழுதிவந்தார். எனக்குக் கல்யாணமாகாத வயசு. அவருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்கும் பதில் வந்தது. மூன்றாவது பதிலில் ஒரு காய்ந்த மகிழம்பூவும் இருந்தது. அமீனாவுக்கும் அவர் கதைகள் பிடித்துப்போகவே, "ஆளைக் கண்டுபுடிச்சாச்சு. ஆலங்குடியில இருக்காக. நீங்களும் வாரீகளா?" என்று கேட்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர் ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டர். ஆறடி உயரம். மீசை மட்டும் இரண்டு பேருக்குக் காணும்.

"செண்பகா தேவி?" என்றார் அமீனா.

இன்ஸ்பெக்டர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க" என்றார் மெதுவாக. நோட்டில் 'செண்பகா தேவி' என்று அழகாகக் கையெழுத்துப் போட்டார். அமீனா என்னைக் காட்டி, "இவருதான் ஒங்களுக்கு மூணு கடுதாசி போட்டவரு" என்று அறிமுகம் செய்தார்.

இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒங்க கடுதாசி ரொம்ப நல்லா இருந்துச்சு, தம்பி. அந்த ரகர றகரத்துல மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க" என்றார்.

திரும்பி வருகிற வழியில் அமீனா ஆறுதலாக, "பூவு நெசந்தான் தம்பி. கொல்லையில மகிழமரம் நிக்கிது, பாத்தேன்" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள், கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த ஒரு மெல்லிய நாவலை எடுத்துக்கொண்டு போன அமீனா, மறுநாள் கோர்ட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் சம்மன் கட்டு, எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு என்னிடம் வந்து, "தம்பி, இதைப் படிங்க" என்று புத்தகத்தை வைத்தார். காகிதம் கிழித்திருந்தது. 'வெந்நீர் வைத்த வீடு' என்று பெயர். எழுதியவர் 'ஊர்சுற்றி'. திருச்சியில் ஏதோ ஒரு சின்ன அச்சாபீசில் அடித்தது.

ஒரு பிரசவத்துக்கு ஒரு அத்தியாயம். வெளியே ஆண்கள் என்ன பேசுகிறார்கள், உள்ளே பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் கதை. சிரிக்கச் சிரிக்க வைத்துவிட்டு, திடீரென்று ஓரிடத்தில் நெஞ்சை அடைத்துவிடும். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு பெரியவர் வருகிறார். பேத்தியோ பேரனோ கெட்ட நேரத்தில் பிறந்துவிடக் கூடாது என்று கையில் பஞ்சாங்கமும் கடிகாரமுமாக அறைக் கதவைத் தட்டி, "இன்னும் பன்னிரண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லு" என்று கத்துகிறார். குழந்தை பொறுக்கவில்லை. அதன் தகப்பனைத் தேடிப் போனால், அவர் மாட்டுக்கொட்டகையில் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறார். 'இருவரில் கன்றுக்குட்டிதான் தைரியமாக இருந்தது' என்று முடிகிறது அத்தியாயம்.

ஊர்சுற்றி யார் என்ற கேள்வி ஊரில் கிளம்பியது. எங்கள் ஊரில் அப்போது ஒரு வாசகர் மன்றம் இருந்தது. அங்கே புத்தகத்தைப் படிக்கிற வழக்கம் அவ்வளவாக இல்லை. புத்தகத்துக்குப் பாராட்டு விழா நடத்துவதுதான் வழக்கம். அதன் தலைவர் ஒரு வக்கீல். மாதக் கூட்டத்தில் யாரோ ஒருவர், "ஊர்சுற்றி நம்ம ஊர்க்காரராமே?" என்று கேட்டார். வக்கீல் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்து இலேசாகப் புன்னகை செய்தார். "யார் எழுதினால் என்ன? படைப்பல்லவா முக்கியம்" என்றார்.

அந்த ஒரு புன்னகை போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையில் கோர்ட்டு வராந்தாவில் அவருக்குக் கை கொடுத்தார்கள். மாலையில் கீழராஜ வீதியில் நிறுத்தி விசாரித்தார்கள். அவர் ஆமாம் என்று சொல்லவே இல்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் பாராட்டு விழாவுக்கு நோட்டீசு அடித்தாகிவிட்டது. பொன்னாடை, வாழ்த்துப்பா, உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் தலைமை.

"இவரு இல்ல தம்பி" என்றார் அமீனா.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆம்பளை எழுதுனா பிரசவம் வராந்தாவுலதான் நடக்கும். அங்கிட்டும் இங்கிட்டும் ஒலாத்துவான், அழுகைச் சத்தம் கேக்கும், கதவு தொறக்கும், முடிஞ்சுபோச்சு. இது உள்ளேருந்து எழுதுனது. ஒலாத்துற ஆம்பளைங்களை உள்ளேருந்து பாத்து எழுதியிருக்கு. அது மட்டுமில்ல. எட்டாம் அத்தியாயம் எங்க தெருவுல நடந்தது. பெரியவரு போட்ட சத்தத்தை நானே எங்க வீட்டு வாசல்ல நின்னு கேட்டேன்."

"யாருண்ணே அந்தப் பெரியவர்?"

"ரிடயர்டு தாசில்தாரு. நம்ம வக்கீலோட மாமனாரு."

எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப, கன்னுக்குட்டியைக் கட்டிப்பிடிச்சு அழுதது?"

"வேற யாரு? வக்கீலுதான். அவரு புஸ்தகத்தைப் படிச்சிருந்தா மின்விசிறியைப் பாத்துச் சிரிச்சிருப்பாரா?"

அன்று அந்த அறைக்குள் இருந்து பிரசவம் பார்த்தவர் மரியசெல்வம் அம்மாள் என்ற மருத்துவச்சி. அவரை இப்போது அன்னவாசலுக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அன்னவாசல் பஸ் ஏறினோம். பிரசவ விடுதி என்பது ஓடு போட்ட ஒரு நீளக் கட்டிடம். வாசல் பக்கத்திலேயே அடுப்பில் பெரிய தவலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மரியசெல்வம் அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. காக்கிக் கோட்டைப் பார்த்தும் அவர் அசையவில்லை.

"யாருக்குங்க சம்மன்?"

"ஊர்சுற்றிக்குங்க" என்றார் அமீனா.

அந்த அம்மாள் அடுப்பில் ஒரு விறகை உள்ளே தள்ளினார். "அப்படி யாரும் இங்க இல்லைங்களே."

"சரிங்க. இல்லாட்டிப் போகுது. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுட்டுப் போயிடுறோம்." அமீனா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாலாம் அத்தியாயத்துல அந்தப் பொண்ணு செத்துப் போயிருதுங்களே. மத்ததையெல்லாம் விரிச்சு விரிச்சு எழுதுனவுக, அதை மட்டும் ஏன் ரெண்டே வரியில முடிச்சாக?"

அந்த அம்மாள் உள்ளே தள்ளிய விறகை வெளியே இழுத்தார். அப்புறம் சொன்னார்: "அதுக்கு மேல எழுத முடியலைங்க."

அமீனா தொப்பியைக் கழற்றினார். ஜட்ஜுக்கு முன்னால் தவிர அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த அம்மாள் எங்களை முக்காலி போட்டு உட்கார வைத்தார். காப்பி கொடுத்தார். "பேரு வெளிய தெரிய வேணாங்க" என்றார். "என்னை நம்பித்தான் ஒவ்வொரு வீட்டுலயும் கதவைத் தொறக்குறாக. இவ எழுதுறவன்னு தெரிஞ்சுச்சுன்னா சாத்திருவாக. கதவைச் சாத்துனா பிரசவம் நிக்குமா? எங்கேயாவது ஒரு பொண்ணு ஆளில்லாமக் கெடந்து போயிரும். அந்தப் பாவம் எனக்கு வேணாங்க."

வக்கீலின் புன்னகையைப் பற்றி நான் சொன்னேன். அவர் சிரித்தார். "எடுத்துக்கிரட்டுமே. பேருதானே."

"பேருதானேன்னு சொல்லாதீகம்மா" என்றார் அமீனா, முதல்முறையாகக் கோபத்தோடு. "அவரு நாளைக்கு ஊர்சுற்றின்னு போட்டு ரெண்டாவது புஸ்தகமும் எழுதுவாரு. அது ஒங்க பேருக்குத்தான் கேவலம்."

கிளம்பும்போது அமீனா வழக்கம்போல் பையிலிருந்து நோட்டை வெளியே எடுத்தார். கையெழுத்துக் கேட்காமல் மறுபடி உள்ளே வைத்துவிட்டார்.

விழாவன்று காலையில் அவர் செய்தது ஒரே ஒரு காரியம்தான். தாசில்தார் வீட்டுக்குப் போனார். புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "ஒங்க மருமகன் எழுதுனதுன்னு ஊரெல்லாம் பேசிக்கிறாகங்க. எட்டாம் அத்தியாயம் ரொம்ப நல்லாயிருக்காம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இதில் பொய் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. வக்கீல் மேடையில் பட்டு ஜரிகை வேட்டியில், அடக்கமாகத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழுத்தாளர்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். வாழ்த்துப்பா இருபத்தெட்டு அடி. தலைமையாசிரியர் பொன்னாடையை விரித்த நேரத்தில், முன்வரிசையில் ஒரு கைத்தடி தட்டியது. தாசில்தார் எழுந்து நின்றார். கையில் புத்தகம், எட்டாம் அத்தியாயத்தில் விரலை வைத்திருந்தார்.

"மாப்ளே, இதை நீங்கதான் எழுதுனீங்களா?"

வக்கீல் புன்னகை செய்தார். மேலே பார்த்தார். மண்டபத்தில் மின்விசிறி இல்லை.

தாசில்தார் படிக்க ஆரம்பித்தார். தாலுகா கச்சேரியில் தீர்வை உத்தரவு வாசித்துப் பழகிய குரல். கடைசி வரிசை வரை கேட்டது. பெரியவர் கதவைத் தட்டுகிறார். பன்னிரண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்கிறார். முதலில் யாருக்கும் புரியவில்லை. தாசில்தார் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டுச் சொன்னார்: "பன்னெண்டு நிமிஷமாமே. நான் ஒம்போது நிமிஷம்தானே பொறுக்கச் சொன்னேன்?"

இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிய சத்தம், சிரித்த சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"சத்தியமா நான் எழுதலைங்க, மாமா" என்று வக்கீல் எழுந்துவிட்டார். "நான் இதைப் படிக்கக்கூட இல்லைங்க."

வாசகர் மன்றத்தின் தலைவர் வாயால் வந்த அந்த வாக்குமூலத்தை மண்டபம் முழுவதும் கேட்டுக்கொண்டது.

"நீங்க எழுதலைன்னா, கன்னுக்குட்டி விஷயம் யாருக்குத் தெரியும்?" என்றார் தாசில்தார். "அது இத்தனை வருஷமா எனக்கே தெரியாதே."

அன்றிலிருந்து வக்கீல் ஊரில் எழுத்தாளர் இல்லை. மாமனார் வீட்டில் மட்டும் எழுத்தாளர். தீபாவளிக்குப் போனால்கூட மாமனார் அவர் முன்னால் வாயைத் திறப்பதில்லையாம், அடுத்த புத்தகத்தில் போட்டுவிடுவாரோ என்ற பயத்தில்.

கையில் பொன்னாடையோடு நின்ற தலைமையாசிரியருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டத்தில் அமீனாவைப் பார்த்துவிட்டார். "நீங்கதான் எல்லா எழுத்தாளரையும் கண்டுபிடிக்கிறவராச்சே. ஊர்சுற்றி யாருன்னு சொல்லுங்க. அவரையே கூப்பிட்டுப் போத்துவோம்" என்றார்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அமீனா எழுந்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டார். முப்பது மைல் வட்டாரத்தில் ஒரு எழுத்தாளரைக்கூடத் தவறவிடாத மனிதர், கோர்ட்டில் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "நேர்ல போயி விசாரிச்சேங்க. அந்தப் பேருல ஆளு யாரும் குடியில்லைங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, "மனசு ஒரு மாதிரியா இருக்கு தம்பி. சர்வீசுல இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல" என்றார்.

"அது சம்மன்ல எழுதுனாத்தானேண்ணே பொய். மேடைக்கு முன்னாடி சொன்னது எப்படிப் பொய்யாகும்? மேடையில அது வழக்கந்தானே."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று மிச்ச டீயைக் குடித்தார்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை, அன்னவாசல் பஸ் கண்டக்டரிடம் அவர் ஒரு காகிதக் கட்டு கொடுத்தனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். வெறும் வெள்ளைத் தாள். அதோடு கடிதமோ குறிப்போ எதுவும் வைக்க மாட்டார். இரண்டு வருஷம் கழித்து ஊர்சுற்றியின் அடுத்த நாவல் வந்தது. அமீனா வழக்கப்படி காகிதம் ஒட்டி வாங்கிப்போய்ப் படித்தார். மறுநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, எனக்கு எதிரிலேயே காகிதத்தைக் கிழித்தார். "யாரோ ஊர்சுற்றியாம். முந்தியே எங்கயோ கேட்ட பேரா இருக்கு. ஒங்களுக்குத் தெரியுமா, தம்பி?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அறுபதுகளில் எனக்குத் திருச்சிக்கு மாற்றலாகிவிட்டது. கல்யாணம் ஆயிற்று. என் சிறுகதைகளும் ஒரு புத்தகமாக வந்தன. வந்த விஷயம் என் வீட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் யாரோ என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். என் மனைவி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வெளுத்துப்போய் ஓடிவந்தாள். "ஏங்க, கோர்ட்டு அமீனா வந்திருக்காரு. என்ன பண்ணுனீங்க?"

ரிடயராகி மூன்று வருஷம் ஆனவர், அதற்காகவே கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். வில்லை மட்டும் இல்லை. நலம் விசாரிக்கவில்லை. நோட்டைத் திறந்து கையெழுத்து வாங்கினார். தேதியும் போட்டேன்.

"மூணாவது கதையில கீரனூர் பஸ்ஸு அஞ்சு மணிக்குப் பொறப்படுதுன்னு எழுதியிருக்கீக. அது நாலே முக்காலுங்களே?"

"ஆமாண்ணே. தப்புத்தான். அடுத்த பதிப்புல திருத்திடுறேன்."

"திருத்திருங்க" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். நாலே முக்கால் பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த பதிப்பு இன்றுவரை வரவில்லை. அமீனா போய்ச் சேர்ந்தும் வெகுகாலமாகிறது. என்றாலும் என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே பிரதியில், அந்த 'ஐந்து மணி'யைப் பேனாவால் அடித்து, 'நாலே முக்கால்' என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் யாராவது கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால், அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இன்னமும் கதவைத் திறக்கிறேன்.